எட்டு வாரம் ஜப்பானில்: எந்தக் கலையைக் கையில் எடுப்பது, எந்தத் திருவிழாவுக்குப் போவது?

கோடைகால ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்புக்காக ஜப்பான் வரும் மாணவர்களுக்கு லேப் வேலையைப் பற்றிப் பெரிய குழப்பம் இருப்பதில்லை. பேராசிரியர் யார், எந்தக் கருவி, எந்தத் தரவு என்பதெல்லாம் விமானம் ஏறும் முன்பே முடிவாகியிருக்கும். குழப்பமெல்லாம் சனி, ஞாயிறைப் பற்றித்தான். பெரும்பாலான திட்டங்கள் ஆறு முதல் பத்து வாரம் வரை. அதில் முதல் வார இறுதி அலுப்பிலும் சிம் கார்டு வாங்குவதிலும் போகும். கடைசி வார இறுதி போஸ்டர் தயாரிப்பில் போகும். மிச்சம் இருக்கும் ஐந்தாறு வார இறுதிகளில் தேநீர்ச் சடங்கா, தூரிகை எழுத்தா, கபுகி நாடகமா, ஃபுஜி மலையா, கியோட்டோ திருவிழாவா?

நான் வேலை பார்க்கும் லேபுக்கும் ஒவ்வொரு கோடையிலும் இந்தியாவிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். கேள்வி எப்போதும் இதேதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு கலையை எடுத்துக்கொண்டு, அதற்கு மட்டும் வாராவாரம் ஒரே ஆசிரியரிடம் போங்கள். மீதி நேரத்தைக் கோடையில் மட்டுமே நடக்கும் தெருவிழாக்களுக்குக் கொடுங்கள். கிமோனோ கட்டிவிட்டு, தேநீர் கலக்கிக் கொடுத்து, படம் எடுத்து அனுப்பும் ஒன்றரை மணி நேர ‘அனுபவ’ வகுப்புகளைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள். அவற்றை நடத்துகிறவர்கள் நல்லவர்கள்தான், கற்றுத்தருவதும் பொய்யில்லை. ஆனால் அவை நான்கு நாள் சுற்றுலாப் பயணிக்காகச் செய்யப்பட்டவை. உங்களிடம் இரண்டு மாதம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்காதது அதுதான்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் காலண்டரைப் பாருங்கள். ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை டோக்கியோ, கியோட்டோ பக்கம் மழைக்காலம். நாள்கணக்கில் தூறலும் புழுக்கமும் இருக்கும். அது விட்டதும் 35 டிகிரி வெயில் வரும், காற்றின் ஈரம் மட்டும் குறையாது. சென்னையில் வளர்ந்தவர்களே தவித்துப்போகிறார்கள். ஆகஸ்ட் நடுவில் ஓபோன் வரும். இறந்துபோன முன்னோர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள் என்று ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும். பல லேப்கள் சில நாள் மூடியிருக்கும். நொசோமி புல்லட் ரயிலில் அந்த நாட்களில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. பல்கலைக்கழக மாணவர் சங்கங்கள் ஜூலைக் கடைசித் தேர்வுகளோடு அடங்கிவிடும். அப்புறம் பயிற்சி முகாமுக்கு வெளியூர் போய்விடுவார்கள். ஆகவே வகுப்பு, சங்கம் எல்லாம் ஜூனிலேயே தொடங்கிவிட வேண்டும். தெருவும் மலையும் ஜூலைக் கடைசிக்கும் ஆகஸ்டுக்கும் உரியவை.

வாராவாரம் போவதென்றால்

போட்டி பெரும்பாலும் நான்கு கலைகளுக்குள்தான்: தேநீர், தூரிகை எழுத்து, மலர் அடுக்கும் இகெபானா, ஏதாவது ஒரு தற்காப்புக் கலை. நான் தேநீரின் பக்கம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானிய மொழி தெரியாதவருக்கு எந்தக் கலை வாய்ப்பேச்சு இல்லாமல் கைமாறும் என்பதுதான் என் முதல் அளவுகோல். தேநீர்ப் பயிற்சியில் ஆசிரியர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்வதுதான் பாடம். முதல் நாள் யாரும் உங்களைத் தேநீர் கலக்க விடமாட்டார்கள். தாழ்வான கதவை உட்கார்ந்தபடி எப்படித் தள்ளித் திறப்பது, தத்தாமிப் பாயின் ஓரப்பட்டையை மிதிக்காமல் எப்படி நடப்பது, இனிப்பை எப்போது வாயில் போடுவது, கிண்ணத்தின் முகப்புப் பக்கத்தில் வாய் படாமல் அதை எப்படித் திருப்புவது என்று விருந்தாளியாக இருக்கத்தான் முதலில் கற்றுத்தருவார்கள். அடுத்தடுத்த வாரங்களில் ஒரு சதுரப் பட்டுத்துணி கைக்கு வரும். அதை இடுப்பிலிருந்து உருவி, மூன்றாக மடித்து, பச்சைத்தூள் இருக்கும் அரக்குச் சிமிழைத் துடைப்பார்கள். இதை மட்டுமே ஒரு மணி நேரம் செய்வீர்கள். லேபில் பிப்பெட் பிடிக்கப் பழகியவர்களுக்கு இந்த மாதிரிப் பயிற்சி புதிதல்ல. கை தானாகச் செய்ய ஆரம்பிக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்வதுதான் வழி. தட்டில் எல்லாவற்றையும் வைத்துச் செய்யும் எளிய முறை ஒன்று தொடக்கநிலையினருக்காகவே இருக்கிறது. எட்டு வாரத்தில் அதை முழுதாகச் செய்துகாட்டிவிட முடியும். மற்ற மூன்று கலைகளில் இப்படி ஒரு தெளிவான எல்லைக்கல் இவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

அடுத்தது பருவம். மே முதல் அக்டோபர் வரை தண்ணீர் கொதிக்கும் அடுப்பு தரைமேல் இருக்கும். நவம்பரில்தான் தரைக்குள் பதித்த கணப்புக்கு மாறுவார்கள். கோடையில் கிண்ணங்கள் அகலமாக, தட்டையாக இருக்கும், சூடு சீக்கிரம் ஆறட்டும் என்று. ஜூலையில் உராசென்கே என்ற தேநீர் மரபில் ஒரு முறை உண்டு. குளிர்ந்த தண்ணீர்ச் சாடியை மூடப் பெரிய பச்சை இலை ஒன்றை வைத்திருப்பார்கள். தண்ணீர் எடுக்கும் நேரம் வந்ததும் தேநீர் தருபவர் அந்த இலையைக் கையிலெடுத்து மடித்துச் சுருட்டி, கழிவுநீர்க் கிண்ணத்துக்குள் போட்டுவிடுவார். இலைமேல் தெளித்த நீர்த்துளிகள் பாயில் சிந்தாமல் அதைச் செய்வது பார்க்க அவ்வளவு அழகு. அந்த மூடி ஒரே ஒரு தடவைக்குத்தான். இதைப் பார்க்கக் கோடையில்தான் வர வேண்டும்.

இனிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம்மில் சைவர்கள் நிறைய. ஜப்பானில் சைவம் சாப்பிடுகிறவருக்குத் தொல்லை தருவது உலர்ந்த மீன் துருவல் போட்டுக் காய்ச்சிய தாஷி என்ற சாறுதான். மிசோ சூப், சோபா, சாஸ் என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். தேநீரோடு தரும் இனிப்புகள் இதிலிருந்து தப்பித்தவை. சிவப்புப் பயறு விழுது, அரிசி மாவு, சர்க்கரை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்பவைதான் பெரும்பாலும் உள்ளே இருக்கும். கேக் போன்ற சிலவற்றில் மட்டும் முட்டை உண்டு, கேட்டுக்கொண்டால் போதும். ஜூன் 30 அன்று கியோட்டோவில் இருந்தால் மினாசுகி வாங்கிச் சாப்பிடுங்கள். வெள்ளை முக்கோணத் துண்டின் மேல் பயறு பதித்திருக்கும். ஆண்டின் முதல் பாதியில் சேர்ந்த தீங்கு கழியட்டும் என்று அந்த நாளில் அதை உண்கிறார்கள்.

கஷ்டம் என்ன? மண்டியிட்டுக் கால்மேல் உட்காருவது. பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். ஆசிரியரிடம் சொன்னால் பிருஷ்டத்துக்கு அடியில் வைக்கச் சின்ன முக்காலி தருவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மோதிரம், வளையல், காப்பு, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கிண்ணத்தில் கீறல் விழும் என்பதுதான் காரணம். சுத்தமான வெள்ளை சாக்ஸ் ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும். செலவைப் பொறுத்தவரை, பல்கலைக்கழகத் தேநீர்ச் சங்கம்தான் மலிவு. தூள், இனிப்புக்கான பங்கு மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் போதும். ஊரிலிருக்கும் தனி ஆசிரியர் மாதக் கட்டணம் வாங்குவார்.

தூரிகை எழுத்து இரண்டாவது. தேநீரை விட இதில் ஒரு விஷயம் மேல்: செய்ததைச் சுருட்டி ஊருக்குக் கொண்டுபோகலாம். கம்பளித்துணி விரித்து, மெல்லிய தாளை இரும்புப் பட்டையால் அழுத்தி, மைக்கட்டியைக் கல்லில் உரைத்து, கையை மேசையில் ஊன்றாமல் தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து எழுத வேண்டும். ‘எய்’ என்ற ஒரே எழுத்தில் எட்டு அடிப்படைக் கோடுகளும் அடங்கிவிடுவதால் பழங்காலம் தொட்டு அதை வைத்துத்தான் பழக்குகிறார்கள். நீங்கள் எழுதியதன் மேல் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவார். நன்றாக வந்த இடத்தில் வட்டமிட்டு, முழுத்தாளும் தேறினால் அந்த வட்டத்தைச் சுற்றிப் பூவிதழ் வரைந்துவிடுவார். வளர்ந்த ஆராய்ச்சி மாணவர்கள் அந்தச் சிவப்புப் பூவுக்காக முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். மொழி கற்கும் ஆசை உள்ளவர்கள் தேநீரை விட்டு இதற்கே போகலாம், கண்டிப்பாகப் பயன்படும். வேகமாகச் சலிப்படைகிறவர்களுக்கு வேண்டாம்.

இகெபானா அருமையான கலைதான், ஆனால் இன்டர்னுக்குச் சிரமம். ஒவ்வொரு வகுப்புக்கும் பூ, கிளைச் செலவு தனி. முடித்ததும் அதையெல்லாம் காகிதத்தில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து விடுதி அறையில் மீண்டும் நிறுத்த வேண்டும். முள்தட்டும் பாத்திரமும் சொந்தமாக வேண்டும். 1927-ல் தொடங்கிய சோகெட்சு பள்ளிக்கு டோக்கியோவின் அகாசகாவில் பெரிய கட்டடம் இருக்கிறது. வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்தில் கற்றுத்தரும் பழக்கம் அதற்கு உண்டு. வகுப்பு வார நாள் பகலில் விழுந்தால் லேப் நேரத்தோடு மோதும், முதலில் அதைப் பாருங்கள்.

தற்காப்புக் கலைகளில் ஏற்கெனவே ஊரில் பழகியவர்களுக்கு ஒரு பதில், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வேறு பதில். ஜூடோ தெரிந்தவர் டோக்கியோவில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கோடோகானுக்குப் போகலாம். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882-ல் நிறுவியது. உலகெங்கும் ஜூடோ போய்ச் சேர்ந்தது அங்கிருந்துதான். வெளிநாட்டவரும் அங்கே பயிற்சியில் சேரலாம். புதியவர் வில்வித்தையான கியூதோவைப் பார்த்து மயங்கிப் போய்ச் சேர்கிறார். அதில் முதலில் ரப்பர் பட்டையை இழுத்து நிற்கும் முறையைப் பழகி, அப்புறம் பக்கத்திலேயே வைத்த வைக்கோல் உருளையில் எய்து, பிறகுதான் 28 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்குக்கு வருவார்கள். எட்டு வாரத்தில் அந்த இலக்கை எட்டாமலே ஊர் திரும்ப நேரலாம். மூங்கில் வாள் பயிற்சியான கென்டோவில் கவசத்தையும் தடித்த உடையையும் ஜூலை வெயிலில் மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டும். ஆர்வம் இருந்தால் போங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

ஜென் தியானத்தை இந்த நான்கோடு சேர்க்கவில்லை, அது வேறு வகை. பல கோயில்களில் பொதுமக்களுக்கு இலவசமாகவோ சிறு காணிக்கைக்கோ அமர்வு உண்டு. டோக்கியோவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் இருக்கும் காமகுராவின் எங்ககுஜி 1282-ல் கட்டப்பட்டது. பெரிய மரங்களுக்கு நடுவே அங்கே உட்கார்ந்திருப்பது ஜூன் மழையில் தனி சுகம். ஜென் மரபின் முதல் குருவாகப் போற்றப்படும் போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்பது அந்த மரபின் நம்பிக்கை. காஞ்சிபுரத்து இளவரசர் என்று நம்மூரில் சொல்வார்கள். ஜப்பானியக் கடைகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சிவப்புத் தருமா பொம்மை அவருடைய உருவம்தான். இதை லேப் நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள், மதிய உணவு இடைவேளை முழுக்கப் பேச்சு ஓடும்.

கைவினை: தேதியைப் பார்த்து முடிவெடுங்கள்

மட்பாண்டமா, நீலச்சாயமா என்று கேட்டால் அது எந்த வாரம் என்பதைப் பொறுத்தது. டோக்கியோவிலிருந்து மாஷிகோவோ கசாமாவோ போய்ச் சக்கரத்தில் கிண்ணம் வனையலாம். ஆனால் அது காய்ந்து, சுட்டு, மெருகு பூசி, மறுபடி சுட்டு உங்கள் கைக்கு வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். பல பட்டறைகள் ஜப்பானுக்குள் மட்டுமே அனுப்பித் தரும். ஆகவே மட்பாண்டம் என்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் போய்விடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நீலச்சாயம் தோய்ப்பது அன்றே முடிந்து அன்றே கைக்கு வந்துவிடும், கடைசி வாரத்துக்கு ஏற்றது. நொதிக்கும் சாயத்தொட்டியிலிருந்து துணியை வெளியே எடுக்கும்போது பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். வேதியியல் படிக்கிறவர்கள் அந்த ஆக்சிஜனேற்றத்தைக் கையில் பிடித்துப் பார்ப்பார்கள். ஜப்பானில் இதற்குப் பேர்போன ஊர் தோகுஷிமா. மெய்ஜி காலத்தில் (1868–1912) இறக்குமதியான மலிவான இந்திய நீலமும், அதன் பின்னால் வந்த செயற்கைச் சாயமும் அந்தத் தொழிலை நசுக்கின. நம் அவுரிக்கும் அவர்கள் செடிக்கும் இனம் வேறு, சாயப்பொருள் ஒன்றே.

அரங்குக்குப் போவதென்றால்

கபுகி, பொம்மலாட்டமான புன்ராக்கு, நோ நாடகம், சுமோ மல்யுத்தம். சுமோவை முதலில் தீர்த்துவிடுவோம். ஆண்டுக்கு ஆறு பெரும்போட்டிகள். ஜூலையில் நடப்பது நாகோயாவில். டோக்கியோவில் ஜனவரியிலும் மேயிலும் செப்டம்பரிலும்தான். நாகோயா பக்கம் இருப்பவர்கள் டிக்கெட் விற்பனை தொடங்கியதுமே வாங்கிவிடுங்கள். மற்றவர்கள் மாலையில் தொலைக்காட்சியில் லேப் நண்பர்களோடு பார்ப்பது நல்லது. பதினைந்து நாளும் நேரடி ஒளிபரப்பு உண்டு.

டோக்கியோவில் இருப்பவர்களுக்குக் கபுகி. கின்சாவின் கபுகிசா அரங்கில் முழு நிகழ்ச்சிக்கு நல்ல இருக்கை வாங்கினால் பணம் கரையும், நேரமும் நான்கு மணி நேரம் போகும். அதற்குப் பதிலாக நான்காம் மாடியில் ஒரே ஒரு அங்கத்துக்கு மட்டும் டிக்கெட் தருகிறார்கள். பெரும்பாலும் 1,000 முதல் 2,000 யென்னுக்குள் முடிந்துவிடும். மேடை தூரம்தான். ஆனாலும் நடிகர் கண்ணை உருட்டி உறைந்து நிற்கும் நொடியில் மேல்மாடியிலிருந்து ரசிகர் அந்த நடிகரின் குலப்பெயரைச் சொல்லிக் கூவுவதை அங்கேதான் காதருகே கேட்பீர்கள். நடனம் அதிகமுள்ள அங்கத்தைத் தேர்ந்தெடுங்கள். வசனம் மட்டுமே ஓடும் அங்கம் மொழி தெரியாதவருக்குச் சலிப்பூட்டும்.

ஒசாகா, கியோட்டோ, நாரா பக்கம் இருந்தால் என் ஓட்டு புன்ராக்குவுக்கு. ஒசாகாவில் 1984-ல் திறந்த தேசிய அரங்கில் ஜூலை, ஆகஸ்டில் கோடை நிகழ்ச்சி நடக்கும், அதில் சிறுவர்களுக்கான பகுதியும் இருக்கும். முக்கியமான பொம்மை ஒவ்வொன்றையும் மூன்று பேர் இயக்குகிறார்கள். தலையும் வலக்கையும் ஒருவர், இடக்கை ஒருவர், கால்கள் ஒருவர். ஆட்டுகிறவர்கள் மறைந்து நிற்பதில்லை, கண்ணெதிரே நிற்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் அவர்கள் உங்கள் கண்ணிலிருந்து மறைந்து, பொம்மை மூச்சுவிடுவது மட்டும் தெரியும். பக்கத்து மேடையில் ஒரே கதைசொல்லி எல்லாக் குரலிலும் அழுது சிரித்துப் பாடுகிறார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலே கொடுத்த காசுக்கு ஈடாகிவிடும். நோ நாடகத்தை முதல் பயணத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் மெதுவுக்குக் கொஞ்சம் முன்தயாரிப்பு வேண்டும்.

தெரு: கோடையின் உண்மையான வகுப்பறை

திருவிழாக்களில் செலவுக்கும் பலனுக்கும் கணக்குப் போட்டால் ஓபோனை ஒட்டி ஆடும் ‘போன் ஒதோரி’ வட்ட நடனத்தை எதுவும் மிஞ்சாது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை பேட்டைக்குப் பேட்டை, கோயில் முற்றத்திலும் பள்ளி மைதானத்திலும் நடக்கும். நடுவில் மரச்சாரம் கட்டி, அதன் மேல் பெரிய தைக்கோ முரசு வைத்து, சுற்றிலும் காகித விளக்குகள் தொங்கவிட்டிருப்பார்கள். ஊர் மக்கள் சாரத்தைச் சுற்றி வட்டமாக ஆடுவார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, பதிவு கிடையாது, யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. உள்வட்டத்தில் யுகாதா என்ற மெல்லிய கோடை உடையை ஒரே மாதிரி அணிந்த அம்மாக்கள் ஆடுவார்கள், அவர்கள் கையைப் பார்த்து ஆடுங்கள். பாட்டு திரும்பத் திரும்ப வரும், மூன்றாவது சுற்றில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். எல்லா ஊரிலும் ஒலிக்கும் தான்கோ புஷி என்ற பாட்டு ஃபுகுஓகா பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுடையது. மண்வெட்டியால் தோண்டு, தோண்டு, தோளில் தூக்கிப் போடு, நெற்றியில் கைவைத்து நிலவைத் திரும்பிப் பார், வண்டியைத் தள்ளு, தள்ளு, பிறகு கைதட்டு. ஆட்டம் முழுக்க அந்த வேலைதான். டோக்கியோவில் த்ஸுகிஜி ஹொங்கான்ஜி கோயில் வளாகத்தில் நடப்பது பெரியது, சாப்பாட்டுக் கடைகளும் அங்கே சிறப்பு. ஆனால் உங்கள் விடுதிக்குப் பக்கத்துப் பேட்டையில் நடப்பதற்கு முதலில் போங்கள். மறுநாள் கடைக்குப் போகும்போது யாராவது தலையசைப்பார்கள்.

அதற்கு யுகாதா வேண்டுமா? கட்டாயமில்லை, ஆனால் கட்டினால் நன்றாக இருக்கும். வாடகைக்கு எடுப்பதை விடப் பழைய துணிக்கடையில் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடுவது நல்லது. ஒரு கோடை முழுக்கக் கட்டலாம், ஊருக்கும் கொண்டுபோகலாம். ஆணோ பெண்ணோ, இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது பிணத்துக்கு. யாராவது பாட்டி ஓடிவந்து சரிசெய்துவிடுவார், இருந்தாலும் தெரிந்துகொண்டு போவது மரியாதை.

பெரிய விழாக்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணமும் விடுப்பும் இருக்கிறது என்றால் கியோட்டோவின் கியோன். கி.பி. 869-ல் கொள்ளைநோய் தணிய வேண்டி நடந்த வழிபாட்டில் தொடங்கியது, ஜூலை மாதம் முழுக்க நடக்கிறது. 17ஆம் தேதி 23 தேர்களும் 24ஆம் தேதி 11 தேர்களும் ஊர்வலம் வரும். பெரியவை உச்சிவரை சுமார் 25 மீட்டர் உயரம், 12 டன் வரை எடை. திருவாரூர் ஆழித்தேரை வடம் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு தருணம் நெஞ்சைத் தொடும். இந்தத் தேர்ச் சக்கரங்கள் திரும்பாது. வீதி முனை வந்ததும் பிளந்த மூங்கில்களைச் சக்கரத்துக்கு அடியில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் ஒரே மூச்சாக இழுத்துத் தேரையே வழுக்கித் திருப்புகிறார்கள். நம்மூர் முட்டுக்கட்டைக்காரர்கள் செய்யும் வேலையை இங்கே மூங்கிலும் நீரும் செய்கின்றன. தேரைச் சுற்றித் தொங்கும் துணிகளையும் உற்றுப் பாருங்கள். பல தேர்களில் வெளிநாட்டுத் துணிகள், அவற்றில் இந்தியக் கம்பளங்களும் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகளும் உண்டு. பழவேற்காட்டில் கோட்டை கட்டி இருந்த டச்சு வணிகர்கள் சோழமண்டலக் கரைத் துணிகளை 17ஆம் நூற்றாண்டில் ஜப்பான்வரை கொண்டுபோய் விற்றார்கள்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமியில் ஒருவழிக்குச் சுமார் 14,000 யென் ஆகும், இரவுப் பேருந்து இதைவிட மலிவு. 2026-ல் ஜூலை 17 வெள்ளிக்கிழமை, 20ஆம் தேதி திங்கள் கடல் தின விடுமுறை. பேராசிரியரிடம் ஒரே நாள் விடுப்புக் கேட்டால் நான்கு நாள் கிடைக்கும். தங்குமிடம் கியோட்டோவில் கிடைக்காது, ஒசாகாவில் பாருங்கள்.

செண்டாயில் உள்ள தோஹோகு பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்கள் கியோட்டோவுக்கு அலைய வேண்டாம். ஆகஸ்ட் 2 முதல் 7 வரை அவோமோரியில் நெபுதா. உள்ளே விளக்கேற்றிய பிரம்மாண்டக் காகித வீரர்கள் வீதிவலம் வருவார்கள். ஹானெதோ என்ற ஆட்டக்காரர் உடையை வாடகைக்கு எடுத்து முறையாக அணிந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து ஆடலாம். பார்வையாளர் பங்காளியாக மாற இடம் தரும் பெருவிழா இது. 6 முதல் 8 வரை செண்டாயிலேயே தனாபாதா என்ற நட்சத்திர விழா. வாணவேடிக்கைக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. சுமிதா ஆற்றில் ஜூலை கடைசிச் சனியன்று சுமார் 20,000 வாணங்கள் விடுவார்கள், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். அதைவிடப் புறநகர் ஆற்றங்கரை ஒன்றில் லேப் நண்பர்களோடு பாய் விரித்துப் பார்ப்பது நிம்மதி.

ஃபுஜியா, கோயாசானா?

ஊருக்கு வெளியே ஓர் இரவு தங்கும் பயணம் என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஃபுஜி. 3,776 மீட்டர். யுனெஸ்கோ 2013-ல் அதை இயற்கைப் பட்டியலில் சேர்க்காமல் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது, அது யாத்திரை மலை என்பதால். ஜூலை முதல் செப்டம்பர் 10 வரைதான் ஏறலாம். 2025 முதல் எல்லா வழிகளிலும் 4,000 யென் கட்டணம். மலைக்குடிலில் முன்பதிவு இல்லாதவர்களுக்கு மதியம் 2 மணி முதல் விடியற்காலை 3 மணி வரை வழி மூடப்படும். உச்சியில் கோடையிலும் கடுங்குளிர், குளிருடை, காலணி, குடில் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். மலையேறும் பழக்கமும் ஆசையும் இருப்பவர்கள் போகட்டும். ஜப்பானியப் பண்பாட்டைத் தெரிந்துகொள்ள ஏறுகிறேன் என்றால் நான் கோயாசானைச் சொல்வேன்.

கூக்காய் துறவி 816-ல் நிறுவிய மலைநகரம் அது. ஒசாகாவின் நம்பாவிலிருந்து ரயில், பிறகு கேபிள் கார். சுமார் 800 மீட்டர் உயரம், ஆகவே ஆகஸ்டிலும் காற்று குளிரும். ஐம்பதுக்கு மேற்பட்ட கோயில்களில் தங்கலாம். விடிகாலை வழிபாட்டில் உட்காரலாம். ஷிங்கோன் பௌத்தம் என்பதால் சமஸ்கிருத மந்திரங்கள் ஜப்பானிய உச்சரிப்பில் காதில் விழும். சைவ மாணவர்களுக்கு இது விருந்து. ஷோஜின் என்ற கோயில் சைவ உணவில் தாஷி கடற்பாசியிலும் காளானிலும்தான். எள்ளையும் குஸு கிழங்கு மாவையும் கிளறி ஆறவைத்த ‘கோமா தோஃபு’ தனியாகவே சொல்லத்தக்கது. இரண்டு வேளை உணவோடு ஒரு இரவுக்குப் பெரும்பாலும் 10,000 யென்னுக்கு மேல் ஆகும், ஃபுஜிச் செலவோடு ஒப்பிட்டால் அதிகமில்லை. ஆகஸ்ட் 13 இரவு ஒக்குனோயின் கல்லறைப் பாதை நெடுக மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அந்த நாளில் போக முடிந்தால் மாதங்களுக்கு முன்பே அறை பிடியுங்கள்.

ஹிரோஷிமாவை இந்த ஒப்பீட்டில் எந்தத் தட்டிலும் வைக்க மனம் வரவில்லை. ஆகஸ்ட் 6 காலை 8:15-க்கு அங்கே ஊரே மௌனமாக நிற்கும். மாலையில் ஆற்றில் விளக்குகள் மிதக்கவிடுவார்கள். விஞ்ஞானம் படிக்க வந்தவர்கள் ஒருமுறை அருங்காட்சியகத்துக்காவது போய்வர வேண்டும் என்பது என் ஆசை. கேளிக்கைக்கு நடுவில் செருகாமல் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

ஒகினாவாவின் அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஓ.ஐ.எஸ்.டி.க்குப் போகிறவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அது தனி நாடாக இருந்த ரியூக்யு பூமி. அங்கே கராத்தேயும் சன்ஷின் என்ற மூன்று நரம்பு வாத்தியமும் வாராவாரப் பயிற்சிக்கு உரியவை. ஓபோனைப் பழைய சந்திர நாட்காட்டிப்படி கொண்டாடுவதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவுக்கும் செப்டம்பர் தொடக்கத்துக்கும் இடையில் வரும். அந்த இரவுகளில் ஊர் இளைஞர்கள் முரசடித்தபடி தெருத்தெருவாக ஆடிவரும் எய்சாவுக்கு இருக்கும்படி திரும்பும் தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே கேட்பது

இதெல்லாம் இணையத்தில் தேடினால் சுற்றுலா வகுப்புகள்தான் முதலில் வரும். நீங்கள் கேட்க வேண்டிய இடங்கள் மூன்று. பல்கலைக்கழக சர்வதேச அலுவலகம்; நகராட்சியின் சர்வதேச நட்புறவுச் சங்கம்; உங்கள் லேபின் செயலாளர். இரண்டாவதில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் தன்னார்வமாக யுகாதா கட்டவும் தேநீர் தரவும் எழுதவும் கற்றுத்தருகிறார்கள். பொருட்செலவு மட்டும் வாங்குவார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. மூன்றாமவரிடம் கேட்டால் அவருடைய அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ ஏதோ ஒரு கலையின் ஆசிரியராக இருப்பார்.

வகுப்பில் சேர்ந்தால் ஆசிரியருக்கும், லேபுக்கும் ஊர்த் தின்பண்டம் கொண்டுவருவது இங்கே பெரிதாக மதிக்கப்படும். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தாளில் சுற்றியதாக இருக்கட்டும், அப்போதுதான் மேசைமேல் வைத்து ஆளுக்கொன்று எடுக்க வசதி. நெய் ஒழுகும் மைசூர்பாகை விடக் கோவில்பட்டி கடலைமிட்டாய் நன்றாகத் தாங்கும். தேநீருக்கும் பொருத்தம்.

விசா வேலை நடக்கும் மே மாதத்திலேயே சர்வதேச அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வரும் தேதி, போகும் தேதி, மாலை எத்தனை மணிக்கு மேல் நேரம் இருக்கும், மண்டியிட்டு உட்கார முடியுமா, என்ன சாப்பிடுவீர்கள் என்ற ஐந்தையும் எழுதி, ஜூன் முதல் வாரத்திலிருந்து தொடர்ந்து வர விரும்புகிறேன், பார்வையாளராக ஒரு நாள் மட்டும் அல்ல என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் சங்கத்து மாணவர்கள் உங்களுக்காக ஒரு பட்டுத்துணியைக் கூடுதலாக எடுத்துவைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள்.